உம் சுமாக்கிலிருந்து பதில்

ஹியாம் விடிந்ததும் திரையை விலக்கிப் பார்த்தாள். தெருவைக் காணவில்லை. எதிர்வீட்டு வண்டி நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு மேடு இருந்தது. தாழ்வாரத்து ரேடியோ, தெற்கே ஷோபக் முதல் வடக்கே அஜ்லூன் வரை பனி என்றது. அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் விடுமுறையாம். தலைநகர் அம்மானில் மலைச்சாலைகள் எல்லாம் மூடப்பட்டன, யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று அறிவித்தது.

நாட்டில் வேறு யார் இதைக் கேட்டிருந்தாலும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி படுத்திருப்பார்கள். ஹியாம் கூச்சலே போட்டுவிட்டாள்.

"என்னடி, எலியைப் பாத்தியா?" அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"அம்மான்ல ரோடெல்லாம் மூடிட்டாங்கம்மா!"

"அதுக்கா இந்தக் குதி குதிக்கிறே? உங்கண்ணன் அங்கதானே இருக்கான்!"

"அவன் நல்லாத் தூங்குவான். லுப்னா மேடத்தோட ஆளுங்களும் தூங்குவாங்க. அதாம்மா சந்தோஷம்!"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹியாமுக்கோ அதை விளக்கிச் சொல்ல நேரமில்லை, கைபேசியைத் தேடி ஓடினாள்.

தஃபீலா மலைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் உம் சுமாக் என்ற அவர்கள் ஊரில் எண்ணெய் இல்லை, ஆறு இல்லை, தொழிற்சாலை இல்லை. படித்த பெண்கள் மட்டும் ஏராளம். ஹியாம் கணிதத்தில் முதல் வகுப்பு. ஆசிரியர் வேலைக்கு அரசிடம் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து முப்பதைத் தாண்டிவிட்டாள். அடுத்த தெரு மைஸூன் இயற்பியல். அவளுக்கு நான்கு பிள்ளைகள், நாக்கோ கத்தி. வேதியியல், உயிரியல், ஆங்கிலம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். சட்டம் போட்ட பட்டம் சுவரில் தொங்க, அதற்குக் கீழே உட்கார்ந்து முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஊர்ல கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லை விட்டெறி. ஒரு பட்டதாரிச்சி மண்டை உடையும்" என்பாள் மைஸூன்.

சில வருடங்களுக்கு முன் நகராட்சிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் அரசு கம்ப்யூட்டர்களை இறக்கி 'அறிவு நிலையம்' என்று பலகை மாட்டியது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஹியாமுக்குக் கிடைத்தது. திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர் அபூ ஃபவ்வாஸ் தொண்டை கிழியப் பேசினார். "நம்ம நாடு சின்ன நாடு! நமக்கு எண்ணெய்க் கிணறு கிடையாது. நம்ம மூளைதான் நம்ம எண்ணெய்! இனிமே அறிவுப் பொருளாதாரம்!" அமைச்சகக் கருத்தரங்கு ஒன்றில் கேட்டுவந்த சொல் அது. குழாய் திறப்பு விழாவானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, அதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார்.

"அப்போ அந்தக் கிணத்தைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லுடி. மூடி போட்டு மேல உக்காந்திருக்கறதே அவர்தானே" என்று ஹியாமின் காதைக் கடித்தாள் மைஸூன்.

அது வேடிக்கைப் பேச்சுத்தான். ஆனால் ஹியாமின் மனதில் அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. அறிவு நிலையத்துக்கு யார் வந்தார்கள்? தேர்வு முடிவு பார்க்க வந்தார்கள், வளைகுடாவில் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தார்கள். ஊரை விட்டுப் போவதற்குத்தான் எல்லோருக்கும் அந்த அறை தேவைப்பட்டது. வேலையை ஊருக்குள் கொண்டுவர அதே இன்டர்நெட் கம்பி உதவாதா என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அம்மானில் லுப்னா என்ற பெண்மணி நடத்தும் நிறுவனத்தைப் பற்றி அவளுக்குத் தெரியவந்தது. குவைத், மஸ்கட், தோஹா என்று வளைகுடாப் பள்ளிப் பிள்ளைகள் பாடத்தில் சந்தேகம் வந்தால் இன்டர்நெட்டில் கேட்பார்கள். அம்மானில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் அரபியில் சொல்லிக் கொடுப்பார்கள். ஹியாம் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. விடியற்காலை பஸ் ஏறிப் போய் லுப்னாவின் மேஜைக்கு முன் நின்றாள்.

லுப்னா நரைத்த குட்டை முடிக்காரி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "தஃபீலா பக்கமா? அங்க கரண்ட்டே ஒழுங்கா இருக்காதேம்மா."

"கரண்ட் போகும், வரும். ஆளுங்க எங்கயும் போகமாட்டோம், மேடம். உங்க பொண்ணுங்க ஒரு வருஷம் வேலை பாத்துட்டு துபாய்க்குப் பறந்துடறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்களுக்கு அங்க வீடு, நிலம், பிள்ளைங்க எல்லாம் இருக்கு. நடந்து வேலைக்கு வந்துடுவோம்."

"பேச நல்லாத்தான் தெரியுது. சொல்லிக் கொடுக்கத் தெரியுமா?"

"சோதிச்சுப் பாருங்க."

லுப்னா சோதித்தாள். உம் சுமாக் பெண்கள் பழைய பாடப்புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கி, பிள்ளைகள் தூங்கிய பிறகு படித்து, ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுத் தயாரானார்கள். எல்லோரும் தேறினார்கள். ஆனால் நிஜ மாணவர்களை அவர்களிடம் விட லுப்னாவுக்கு மனம் வரவில்லை. ஒத்திகைக் கேள்விகளாகவே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜனவரி வந்தது. வளைகுடா முழுக்க அரையாண்டுத் தேர்வு. "தேர்வு முடியட்டும் ஹியாம், அப்புறம் பார்ப்போம்" என்றாள். ஹியாமுக்கு அது கதவைச் சாத்தும் சத்தமாகத்தான் கேட்டது.

அந்த வாரத்தில்தான் பனி பெய்தது. ஹியாம் கைபேசியில் லுப்னாவை அழைத்தாள்.

"மேடம், உங்க ஆபீசுக்கு இன்னிக்கு யார் வருவாங்க?"

"என் வீட்டு வாசல்ல இருந்து கார் வரைக்கும் நானே போக முடியல. ஆபீஸ் இருட்டா கிடக்கு. மத்தியானம் பிள்ளைங்க பரீட்சை எழுதிட்டு வந்து நாளைக்கான பாடத்தோட உக்காருவாங்க. என்ன பண்றதுன்னு தெரியல."

"எங்ககிட்ட கொடுங்க."

"விளையாட்டில்ல ஹியாம். ஒரு பிள்ளைக்குத் தப்பா சொல்லிக் கொடுத்தா என் பேரே போச்சு."

"யாரும் பதிலே சொல்லலன்னா மட்டும் பேர் இருக்குமா மேடம்?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "மத்தியானத்துக்குள்ள எல்லாரும் நாற்காலியில இருக்கணும். இருந்தா திறந்துவிடறேன்."

ஹியாம் முதலில் ஓடியது நகராட்சிக் கட்டிடத்துச் சாவிக்கு. அது அபூ ஃபவ்வாஸின் வீட்டில் இருந்தது. அவர் கம்பளிக்குள் புதைந்து மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு விடுமுறைம்மா. அரசாங்கமே சொல்லிடுச்சு. அலுவலகத்தைத் திறந்தா நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்க."

"தலைவரே, நம்ம மூளைதான் நம்ம எண்ணெய்னு சொன்னீங்களே. இன்னிக்கு வாங்கறதுக்கு ஆள் வந்திருக்கு. கிணத்துச் சாவி உங்க பையில இருக்கு."

அவருடைய மனைவி பக்கத்து அறையிலிருந்து வெடித்துச் சிரித்தாள். அபூ ஃபவ்வாஸ் ரொட்டியைத் திருப்பிப் போட்டார், காதைச் சொறிந்தார். பேசிய பேச்சு இப்படித் திரும்பி வந்து வாசலில் நிற்கும் என்று அவர் நினைத்ததில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "சாவியை யார்கிட்டயும் கொடுக்கமாட்டேன். நானே வந்து திறக்கறேன்" என்றார் கம்பீரமாக. போகிற வழியில் நகராட்சி மண்வாரி வண்டி ஓட்டுநரையும் எழுப்பி, தெருவில் பனியைத் தள்ளச் சொல்லிவிட்டார்.

அடுத்து மைஸூன் வீடு. அங்கே வேறு மாதிரி சிக்கல். அவள் கணவன் அதால்லா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் ஓரத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தான். மூத்த பிள்ளை ராகானின் பெயரால் ஊர் அவனை அபூ ராகான் என்றும் அவளை உம் ராகான் என்றும் அழைத்தது. இந்த வேலைப் பேச்சே அவனுக்குப் பிடிக்கவில்லை. "ஊர் பேர் தெரியாத பயலுங்ககூட என் வீட்டுக்காரி பேசணுமா?" என்று முன்பே முறைத்திருந்தான்.

கதவைத் திறந்தவன், "இந்தப் பனியில பேய்கூட வெளிய போகாது, ஹியாம். திரும்பிப் போ" என்றான்.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மைஸூன் வந்தாள். காலில் அவனுடைய ராணுவ பூட்ஸ். "எனக்குப் பெருசாத்தான் இருக்கு. மூணு காலுறை போட்டுக்கிட்டேன்."

"உம் ராகான்! யாரைக் கேட்டு..."

"அடுப்புல ரஷூஃப் கஞ்சி இருக்கு, சூடு பண்ணிப் பிள்ளைங்களுக்குக் கொடுங்க. அடிபிடிச்சா கிளறுங்க. பட்டாளத்துல இவ்வளவு வருஷம் இருந்தீங்களே, ஒரு பானையைக் காவல் காக்க மாட்டீங்களா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பெண்களும் முழங்கால் பனியில் இறங்கிவிட்டார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஒருத்தி மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு வந்தாள். இன்னொருத்தி குழந்தையோடே வந்தாள். மண்வாரி வண்டி முன்னே பனியைத் தள்ளிக்கொண்டு போக, அது வெட்டிய பாதையில் பெண்கள் ஒருவர் கோட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி, கல்யாண ஊர்வலம் போலச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மதியம் எல்லோரும் நாற்காலியில் இருந்தார்கள். ஹியாம் அம்மானுக்குச் சொன்னாள். திரையில் முதலில் ஒரு பெயர் வந்தது. பிறகு நாலைந்து. பிறகு மழை கொட்டுவது போல வர ஆரம்பித்தது.

ஹியாமுக்கு முதலில் வந்தவன் குவைத்துப் பையன். வணக்கம்கூடச் சொல்லாமல், "நாளைக்கு நான் ஃபெயில்" என்றான். எதில் என்றாள். எல்லாவற்றிலும் என்றான். இருபடிச் சமன்பாட்டிலிருந்து தொடங்கினாள். நடுவில் அவன் நிறுத்தி, "இருங்க இருங்க, சொல்லாதீங்க. நான் போடறேன்" என்றான். எத்தனை வருடமாக ஹியாம் இந்த வார்த்தைக்குக் காத்திருந்தாள்! வகுப்பறை கிடைக்காவிட்டால் என்ன, மாணவன் கிடைத்துவிட்டானே.

பக்கத்து நாற்காலியில் மைஸூன் மஸ்கட் பெண் ஒருத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பனிக்கட்டி உருகும்போது வெப்பம் கொடுத்துக்கொண்டே இருந்தும் வெப்பநிலை ஏன் ஏறுவதில்லை என்பது கேள்வி. உள்ளுறை வெப்பம். புத்தகத்தில் இருந்ததை மைஸூன் இரண்டு தரம் சொன்னாள். பெண்ணுக்கு ஏறவில்லை. மைஸூன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினாள். கெண்டி நிறையப் பனியை அள்ளிக்கொண்டு வந்து, அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்த மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்தாள்.

"இங்க பாரு கண்ணு, அடுப்பு கொழுந்துவிட்டு எரியுது. மேல கெண்டி நிறையப் பனி. கொஞ்சம் தண்ணியாயிருக்கு, விரலை விட்டுப் பாக்கறேன். ஐயோ, விறைக்குது! இவ்வளவு தீ எங்க போச்சு? பனியை உடைச்சுத் தண்ணியாக்கற வேலைக்குப் போயிடுச்சு. கடைசிக் கட்டி கரையற வரைக்கும் அந்தத் தீக்கு வேற எதுக்கும் நேரமில்லை. அப்புறந்தான் சூடு ஏறும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சிடுச்சு மிஸ்! மிஸ், நிஜமாவே உங்க வாசல்ல பனி இருக்கா?"

மைஸூன் ஒரு பிடிப் பனியை மைக்கின் பக்கத்தில் வைத்து நொறுக்கினாள். மறுமுனையில் அந்தப் பெண் கத்திய கத்தல் அறை முழுக்கக் கேட்டது. சற்று நேரத்தில் மஸ்கட்டிலிருந்து பெண்கள் வரிசையாக 'பனி மிஸ்' வேண்டும் என்று கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது.

கம்ப்யூட்டர்களின் பேட்டரிப் பெட்டிகள் கீச் கீச்சென்று அலறின. இன்டர்நெட் வரும் தொலைபேசிக் கம்பிக்குக் கவலையில்லை, தொலைபேசி நிலையத்தில் தனி பேட்டரி உண்டு. கம்ப்யூட்டர்கள்தான் சில நிமிடங்களில் செத்துவிடும். லுப்னா சொன்னது ஹியாமின் காதில் ஒலித்தது. அங்க கரண்ட்டே ஒழுங்கா இருக்காதேம்மா.

"நகராட்சி ஜெனரேட்டர் எங்க தலைவரே?"

அபூ ஃபவ்வாஸின் முகம் விழுந்துவிட்டது. "ரிப்பேருக்கு அனுப்பினது... இன்னும் வரல."

ஊரில் இன்னொரு ஜெனரேட்டர்தான் இருந்தது. கரண்ட் கம்பி எட்டாத அதால்லாவின் கோழிப்பண்ணையில், புதிதாக வந்த குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது. மைஸூன் கைபேசியை எடுத்தாள், ஆனால் எண்ணை அழுத்தவில்லை. "எப்படிடி கேப்பேன்? அந்தக் குஞ்சுங்கதான் அவருக்கு இந்த வருஷத்துச் சம்பாத்தியமே. இந்தக் குளிர்ல ஒரு மணி நேரம் தாங்காது."

"கேக்காதே. வேற வழி பாப்போம்" என்றாள் ஹியாம். வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது கதவு திறந்தது. அதால்லா நின்றான். மீசையெல்லாம் பனி, கையில் ரஷூஃப் பானை. "அடிபிடிக்கல. கிளறினேன். உங்களுக்கும் கொண்டுவந்தேன்" என்றான் ஒருமாதிரி வீம்பாக. அறையில் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் அணையப்போகும் திரைகளின் முன் குனிந்து, முடிந்தவரை சொல்லிவிட வேண்டும் என்று படபடவெனப் பேசிக்கொண்டிருந்தார்கள். மைஸூனும் மறுபடி ஹெட்போனை மாட்டியிருந்தாள். "பயப்படாதேம்மா. இந்த ஒரு கணக்கை மட்டும் முடிச்சுடுவோம். நீ கெட்டிக்காரி, உனக்கு வரும்."

இவ்வளவு மெதுவாக மனைவி பேசி அதால்லா எப்போது கேட்டான்? பானையை அபூ ஃபவ்வாஸின் கையில் திணித்தான். "தலைவரே, மேல கூட்ட அரங்கத்துல குளிர்காயற அடுப்பு எத்தனை இருக்கு?"

"எதுக்குப்பா?"

"ஜெனரேட்டர் இங்க வரும். குஞ்சுங்க அங்க வரும்."

"என்னது? நகராட்சி அரங்கத்துல கோழியா!"

"கவுன்சில் கூட்டத்தைவிட சத்தம் கம்மியாத்தான் போடும். வண்டியை அனுப்புங்க!"

அதற்குப் பிறகு நடந்ததை உம் சுமாக் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. மண்வாரி வண்டியின் முன்வாயில் ஜெனரேட்டர் வந்தது. பின்னால், கம்பளி போர்த்திய குஞ்சுப் பெட்டிகளைத் தெருக்காரர்கள் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரவர் வீட்டு அடுப்பும் வந்தது. அரங்கம் நிறைந்து, மிச்சப் பெட்டிகள் படிக்கட்டு வழியாக இறங்கி அறிவு நிலையத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கடைசி பேட்டரி அணைய இருந்த நேரத்தில் வெளியே ஜெனரேட்டர் இருமியது, செருமியது, பிறகு உறுமியது. விளக்கு எரிந்ததும் பெண்கள் எழுப்பிய குலவையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"மிஸ், அங்க ஏதோ பறவை கத்துதே?" என்றான் குவைத்துப் பையன்.

"ஆமா, நிறைய இருக்கு. நீ கணக்கைப் பாரு" என்றாள் ஹியாம்.

சாயங்காலம் வரிசை மெல்லக் குறைந்து தீர்ந்தது. திரையில் காத்திருப்பவர் யாருமில்லை. லுப்னா அழைத்தாள். தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாடமாக ஒட்டுக் கேட்டிருக்கிறாள்.

"ஒரு பிள்ளையைக்கூட நீங்க பாதியில விடல. அது என்ன, நடுவுல கீச்சு கீச்சுன்னு?"

"அது எங்க ஊர் முதலீடு மேடம்" என்றாள் ஹியாம்.

வெளியே வந்தபோது வானம் தெளிந்து, மலையெல்லாம் வெள்ளையாக மின்னியது. இயற்பியல் பட்டதாரி மைஸூன் ஒரு பனி உருண்டையைப் பிடித்து, கோணம் பார்த்து, நகராட்சித் தலைவரின் தொப்பியில் அடித்தாள். அவர் திகைத்து நின்றார். பிறகு தாமும் குனிந்து அள்ளினார். அதால்லாதான் எல்லோரையும்விட அதிகமாக அடி வாங்கினான்.

சாலை திறந்த வாரத்தில் லுப்னா உம் சுமாக்குக்கு வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், தேநீர் குடித்தாள், பிறகு ஹியாமைத் தனியாக அழைத்தாள். "நீ அம்மானுக்கு வந்துடு. கணிதப் பிரிவுக்கே தலைவியா போடறேன். மைஸூனையும் கூட்டிக்கிட்டு வா."

சில மாதங்களுக்கு முன் ஹியாம் இதே வார்த்தையைக் கேட்டிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பாள்.

"மேடம், நான் உங்ககிட்ட எனக்கு வேலை கேட்டு வரல. எங்க ஊருக்கு வேலை கேட்டு வந்தேன். அந்தப் பிரிவை இங்க வைங்க. அம்மான் சம்பளம் என்னவோ அதே சம்பளம். தஃபீலாவுல இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க, ஷோபக்ல இருக்காங்க. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அறை போதும்."

"எல்லாம் இங்கயே வெச்சுட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"யாராவது ஒருத்தர் பில் போடணும்ல!"

லுப்னா சிரித்துவிட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தபோது அறைக்குள் கம்ப்யூட்டர் மணிகள் ஒலிக்கத் தொடங்கின. வளைகுடாவில் பள்ளி விட்டுவிட்டது. ஹியாம், "மன்னிச்சுக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வேதியியல்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அன்று அவள் வரவில்லை. அந்தத் திரையில் ஒரு பெயர் தனியாக மின்னிக்கொண்டே இருந்தது.

லுப்னா வாசலில் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். நிறுவனம் தொடங்குவதற்கு முன் அவளும் வேதியியல் டீச்சராக இருந்தவள்தான். கைப்பையைக் கீழே வைத்தாள், மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"சொல்லும்மா, எங்க மாட்டிக்கிட்டே?" என்றாள்.